பற்பசையின் புளிப்பும் பற்சிப்பியின் சீரமைப்பும்

திருமலைக்கு நடந்து செல்லும் அடியார்கள் முதற்படியில் கால் வைக்கும் இடம் அலிபிரி. அங்கிருந்து மேலே செல்ல ஏறக்குறைய 3,550 படிகள். வழியின் நீளம் சுமார் 9 கிலோமீட்டர். மலையடியில் நின்ற ஒரு புளியமரத்தையொட்டி 'அடிப்புளி' என வழங்கிய தமிழ்ப் பெயரே நாளடைவில் அலிபிரி எனத் திரிந்தது என்று கூறுவாரும் உளர். இராமானுசர் தம் மாமனாகிய திருமலை நம்பியிடம் இராமாயணத்தின் உட்பொருளைக் கேட்டறிந்தது இம்மலையடிவாரத்தில்தான் என்பது வைணவ மரபு. பெயராராய்ச்சி நமது பொருளன்று. ஆயினும் புளியமரமும் புளியோதரையும் இலட்டும் ஒருங்கே நினைவுக்கு வரும் இவ்விடத்தை முன்னிட்டு, பல்லைப் பற்றிய ஒரு ரசாயன வினாவை எழுப்புவது பொருத்தமேயாகும்.

அவ்வினா இது. புளிப்பு பல்லைக் கெடுக்கும் என்பதை எல்லோரும் அறிவர். பச்சைப் புளியங்காயைக் கடித்தவுடன் பல் கூசுவதைச் சிறுவரும் உணர்வர். அவ்வாறிருக்க, சில பற்பசைகளைச் செய்வோர் அவற்றை வேண்டுமென்றே சிறிதளவு அமிலத்தன்மை உடையனவாகச் செய்கின்றனர். பழுதுற்ற பல் இலேசான அமிலச் சூழலில் இன்னும் ஆழமாகச் சீர்படுகிறது என்று ஆய்வாளர் சிலர் எழுதுகின்றனர். கெடுப்பதாகக் கருதப்படும் பொருளே சீர்ப்படுத்தவும் உதவுமோ? உதவுமாயின் எவ்வளவு, எப்பொழுது, யாருக்கு?

பல்லின் வெளிப்புறத்தைப் போர்த்தியிருக்கும் வெண்மையான கடினப் பகுதியைப் பற்சிப்பி என்றும் எனாமல் என்றும் வழங்குகிறோம். நம் உடலில் இதனினும் கடினமான பொருள் வேறில்லை. எடையில் நூற்றுக்கு 96 பங்கு இது கனிப்பொருளே. எஞ்சிய 4 பங்கு நீரும் கரிமப் பொருளுமாகும். அக்கனிப்பொருள் கால்சியமும் பாஸ்பேட்டும் ஹைட்ராக்ஸிலும் சேர்ந்தமைந்த ஹைட்ராக்ஸி அபடைட் என்பது. கடைவாய்ப் பல்லின் முகட்டில் இதன் கனம் ஏறக்குறைய இரண்டு அல்லது இரண்டரை மில்லிமீட்டர். ஈற்றையொட்டிய கழுத்துப் பகுதியில் மிக மெல்லியதாகி விடுகிறது.

பற்சிப்பிக்கு ஒரு விசித்திரமான குறை உண்டு. தோலில் காயம் பட்டால் புதுத்தோல் வளர்கிறது. எலும்பு முறிந்தால் எலும்பணுக்கள் அதனைப் பொருத்துகின்றன. பற்சிப்பியை உண்டாக்கும் அணுக்களோ, பல் ஈற்றைக் கிழித்துக்கொண்டு வெளிவரும்பொழுதே அழிந்தொழிகின்றன. பின்னர் அதனைப் புதுப்பிக்க உயிருள்ள தச்சன் எவனும் இல்லை. ஆதலின் பற்சிப்பியின் சீரமைப்பு என்பது உயிரியற் செயலன்று. முழுவதும் ரசாயனச் செயலே. இந்த ஒன்றை மனத்திற் கொண்டால் மற்றவை யாவும் எளிதில் விளங்கும்.

கற்கண்டு செய்வதைப் பார்த்தவர்கள் அறிவர். கெட்டியான சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டால் நாள்தோறும் அதன்மீது படிகங்கள் வளரும். அதே நூலை எடுத்து வெறும் நீரில் தொங்கவிட்டால் வளர்ந்த படிகம் கரைந்துபோகும். படிகம் வளர்வதும் கரைவதும் அதனைச் சூழ்ந்த திரவத்தில் அப்பொருள் எவ்வளவு செறிந்துள்ளது என்பதைப் பொறுத்தவை. வாயில் அந்தப் பாகாக இருந்து பணி செய்வது உமிழ்நீர். நாள் ஒன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை சுரக்கும் இந்நீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்துள்ளன. சாதாரண நிலையில் அவை பற்சிப்பி கரைய இடங்கொடாத அளவுக்கு மிகுந்த செறிவிலேயே உள்ளன. பல் பல ஆண்டுகள் நிலைத்திருப்பது இதனாலேயே.

இந்தச் சமநிலையைக் குலைப்பது அமிலம். அமிலத்தின் வன்மையைப் பி.எச். என்னும் எண்ணால் குறிப்பர். 7 என்பது நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். எண் ஒன்று குறைந்தால் அமிலச் செறிவு பத்து மடங்கு மிகும். எனவே 7இலிருந்து 5.5க்கு இறங்கினால் அமிலம் ஏறக்குறைய 32 மடங்கு பெருகிவிட்டது என்று பொருள். ஹைட்ரஜன் அயனிகள் மிகும்பொழுது அவை திரவத்திலுள்ள பாஸ்பேட்டையும் ஹைட்ராக்ஸிலையும் பற்றிக்கொண்டு வேறுருவாக்கி விடுகின்றன. படிகத்துக்குத் தேவையான வடிவில் அவை திரவத்தில் குறைந்து போவதால், குறையை ஈடு செய்யப் படிகமே கரைகிறது. பாகு நீர்த்துப் போயிற்று என்று கொள்க. உமிழ்நீரின் வழக்கமான செறிவில் இக்கரைதல் தொடங்கும் எல்லை ஏறத்தாழ பி.எச். 5.5. பல்லின் உட்பகுதியான தந்தினி இன்னும் எளிதில், 6.5ஐ ஒட்டிய நிலையிலேயே கரையத் தொடங்கும்.

5.5 என்பதைக் கல்லில் வெட்டிய எண்ணாகக் கருதலாகாது. நல்ல சான்று தயிர். தயிரின் பி.எச். 4ஐ ஒட்டியதே, ஆயினும் அது பல்லைக் கரைப்பதில்லை. அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்திருப்பதால், அமிலம் இருந்தும் பாகு நீர்த்துப் போவதில்லை. புளியின் நிலை வேறு. அதன் சதையில் டார்ட்டாரிக் அமிலம் மிகுதி. கால்சியத்தை ஈடாகக் கொடுக்கும் வன்மை அதற்கு இல்லை. எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலமோ அமிலமாக இருப்பதோடன்றிக் கால்சியத்தைப் பற்றி இழுக்கும் இயல்பும் உடையது. எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2க்கும் 2.5க்கும் இடைப்பட்டது. ஆகவே ஒரு பொருளின் பி.எச். எண்ணை மட்டும் கொண்டு அது பல்லுக்கு நல்லதா கெட்டதா எனத் தீர்ப்பளித்தல் அவசர முடிவாகும். பற்பசைக்கும் இது பொருந்தும்.

புளியோதரையும் இலட்டும் பல்லைத் தாக்கும் வழி ஒன்றல்ல. புளியோதரை தன்னுடன் அமிலத்தைக் கொண்டு வருகிறது. அது பல்லின் மேற்பரப்பையே நேராகத் தொடும். இலட்டில் அமிலம் இல்லை. அதிலுள்ள சர்க்கரையைப் பல்லின்மேல் படிந்துள்ள பாசி போன்ற படலத்தில் வாழும் நுண்கிருமிகள் உண்டு, லாக்டிக் அமிலம் முதலியவற்றை அங்கேயே உண்டாக்குகின்றன. அமெரிக்கரான ராபர்ட் ஸ்டீபன் என்பார் 1940லும் 1944லும் வெளியிட்ட அளவைகள் இதனைத் தெளிவாக்கின. நுண்ணிய ஆன்டிமனி மின்முனையைப் பல்லின்மேல் வைத்து அளந்த அவர், சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளித்த சில நிமிடங்களுக்குள் படலத்தின் பி.எச். 5ஐ ஒட்டி வீழ்வதையும், பின்னர் அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் படிப்படியாக மீள்வதையும் கண்டார். வீழும்பொழுது பல் கரைகிறது. மீளும்பொழுது இழந்ததில் ஒரு பங்கைத் திரும்பப் பெறுகிறது. நாள் முழுவதும் கொறித்துக்கொண்டே இருப்பவருக்கு மீளும் நேரம் கிடைப்பதில்லை.

மலையேறுவோருக்கு இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. மூச்சு வாங்கி வாயால் சுவாசிக்கும்பொழுது வாய் உலர்கிறது. உமிழ்நீர் சுரப்பும் குறைகிறது. அந்நிலையில் குடிக்கும் குளிர்பானத்தின் அமிலத்தை நீர்க்கச் செய்யவும் நடுநிலையாக்கவும் காவலாள் இல்லை. தாகத்துக்கு முதலில் தண்ணீரே குடிப்பது பல்லுக்கும் நல்லது.

இனிப் பழுதின் உருவத்தைக் காண்போம். சொத்தையின் தொடக்கத்தில் பல்லில் குழி விழுவதில்லை. சுண்ணாம்புப் புள்ளி போன்ற ஒளியற்ற வெண்மையான திட்டு ஒன்று தோன்றும். அதனை வெட்டி நுண்ணோக்கியில் நோக்கினால் வியப்பான காட்சி தென்படும். மேற்பரப்பு ஏறக்குறைய கெடாமல் இருக்க, அதற்குக் கீழேயுள்ள பகுதியே கனிப்பொருளை இழந்து துளைகள் மலிந்து கிடக்கும். கறையான் தின்ற கதவு வெளியே வழவழப்பாகவும் உள்ளே பொள்ளலாகவும் இருப்பதை ஒப்பு நோக்குக. இந்நிலையிலேயே பல்லை மீட்க இயலும். மேற்பரப்பு இடிந்து குழியாகிவிட்டால் எப்பசையாலும் அதனை நிரப்ப முடியாது. மருத்துவர்தாம் அடைக்க வேண்டும்.

அப்படியானால் சீரமைப்பின் சிக்கல் யாதென்று புலப்படும். கால்சியமும் பாஸ்பேட்டும் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய துளைகளின் வழியே நுழைந்து உள்ளே சென்று படிய வேண்டும். நடுநிலைத் திரவத்தில் அவை அளவு மீறிச் செறிந்திருக்குமாயின் வாயிலைக் கடக்கும் முன்னரே அங்கேயே படிந்து துளையை அடைத்துக்கொள்ளும். வெளிப்பூச்சு நன்றாக அமையும். உட்பொள்ளல் அப்படியே நிற்கும். பழுதான சுவரை உட்புறம் செப்பனிடாமல் மேலே சுண்ணாம்பு அடிப்பது போன்றது இது.

இவ்விடத்தில்தான் இலேசான அமிலம் உதவிக்கு வருகிறது. திரவம் சற்றே புளித்திருந்தால் படியும் வேகம் குறையும். அவசரப்பட்டு வாயிலில் படியாமல் அயனிகள் உள்ளே பரவ நேரம் கிடைக்கும். மேலும் இந்நிலையில் கால்சியமும் பாஸ்பேட்டும் மின்னேற்றமற்ற இணைகளாகச் சேர்ந்து நிற்பது மிகும். மின்னேற்றமற்ற துகள்கள் குறுகிய துளைகளில் தடையின்றிச் செல்லும். அப்பொழுது போஸ்டன் நகரில் இருந்த போர்சைத் நிலையத்தின் ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டில், புளோரைடு கலந்த அமிலக் கரைசல்கள் பற்சிப்பியின் உட்பழுதை நடுநிலைக் கரைசல்களைவிட ஆழத்தில் சீர்ப்படுத்தக் கூடும் என்று ஆய்வுக்கூடச் சோதனையால் காட்டினர். அதே ஆண்டில் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தார், பால் புரதமான கேசினிலிருந்து பெற்ற பெப்டைடுகளால் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் புளோரைடையும் கரைந்த நிலையில் நிறுத்தி, பல்வேறு பி.எச். நிலைகளில் சோதித்தனர். சீரமைப்பு மிக அதிகமாக நிகழ்ந்தது 5.5இல். பற்சிப்பி கரையத் தொடங்கும் எல்லையாக நாம் மேலே கூறிய அதே எண் அது! கரைவதும் வளர்வதும் ஒரே வாசற்படியின் இரு பக்கங்களே என்பதற்கு இதனினும் அழகிய சான்று கிடைத்தல் அரிது.

ஆனால் அமிலம் தனியே இதனைச் செய்யாது. அதனுடன் கால்சியமும் பாஸ்பேட்டும், சிறப்பாகப் புளோரைடும் இருத்தல் வேண்டும்.

புளோரைடின் கதை நம் நாட்டு மக்களுக்குப் புதிதன்று. பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் பொதிலி, தர்சி, கனிகிரி ஆகிய பகுதிகளில் வாழ்ந்தோரிடையே பற்கள் கறை படிந்தும், முதுகெலும்பும் மூட்டுகளும் விறைத்தும் போகும் நோய் பரவியிருந்தது. 1937இல் கிண்டி கிங் நிலையத்தின் தலைவராயிருந்த ஷார்ட்டும் அவருடன் மக்ராபர்ட், பர்னார்ட், நாயர் ஆகியோரும் இது கிணற்று நீரிலுள்ள புளோரைடால் விளைவது என வெளியிட்டனர். 1940இல் சி.ஜி. பண்டிட் முதலானோர், குழந்தைகளின் பற்கறைக்கும் பெரியோரின் எலும்புக் கேட்டுக்கும் உரிய காரணங்களை மேலும் விரிவாக ஆராய்ந்தனர். அப்பகுதிகள் 1970இல் அமைந்த பிரகாசம் மாவட்டத்தில் பின்னர்ச் சேர்ந்தன. நெல்லூரும் சித்தூரும் அண்டை மாவட்டங்களாக இருந்தன. இரண்டிலிருந்தும் பகுதிகளை எடுத்தே 2022இல் திருப்பதி மாவட்டம் அமைக்கப்பட்டது. ராயலசீமையின் கருங்கற் பாறைகளிலிருந்து புளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து வருவது இன்றும் தீராத தொல்லை. தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலையும் இதுவே. ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொணரும் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது அதன் பொருட்டே.

கேட்டை விளைக்கும் அதே பொருள் சிறிய அளவில் பல்லைக் காப்பதையும் விஞ்ஞானிகள் கண்டனர். அமெரிக்காவில் பற்கறையை ஆராய்ந்த டீன் என்பார், நீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் புளோரைடு இருக்கும் ஊர்களில் கறை மிகக் குறைவாகவும் சொத்தையும் குறைவாகவும் இருப்பதைக் காட்டினார். இதன் விளக்கம் ரசாயனத்திலேயே உள்ளது. படிகத்தில் ஹைட்ராக்ஸிலின் இடத்தைப் புளோரைடு பிடித்துக்கொண்டால் அது புளோர் அபடைட் ஆகிறது. இது அமிலத்தில் எளிதில் கரையாது. இதன் எல்லை பி.எச். 4.5ஐ ஒட்டியது. ஆகவே 4.5க்கும் 5.5க்கும் இடைப்பட்ட அமிலத்தில், சூழ்ந்த திரவத்தில் சிறிது புளோரைடு இருந்தால், ஒரே சமயத்தில் இரு செயல்கள் நிகழும். பழைய ஹைட்ராக்ஸி அபடைட் கரையும். கரைந்த கால்சியமும் பாஸ்பேட்டும் புளோரைடுடன் சேர்ந்து மேலும் உறுதியான படிகமாகத் திரும்பப் படியும். பழைய செங்கல்லை எடுத்து அதே இடத்தில் கருங்கல்லை வைப்பது போலாம்.

அமிலத்தைப் புளோரைடுடன் சேர்க்கும் எண்ணம் இங்கிருந்தே எழுந்தது. 1963இல் பின் புருடவால்டும் அவர் குழுவினரும், பாஸ்பாரிக் அமிலம் சேர்த்துப் பி.எச். 3ஐ ஒட்டியதாக்கிய புளோரைடுக் கரைசலை ஆராய்ந்து வெளியிட்டனர். அமிலம் பற்சிப்பியின் மேற்படலத்தைச் சற்றே கரைத்துக் கால்சியத்தை விடுவிக்கும். அது புளோரைடுடன் கூடிக் கால்சியம் புளோரைடு போன்ற நுண்மணிகளாகப் பல்லின்மேல் தங்கும். பிற்பாடு வாயில் அமிலம் உண்டாகும்பொழுது அம்மணிகள் புளோரைடைச் சிறிது சிறிதாக விட்டுக் கொடுக்கும். பாஸ்பேட் சேர்த்ததன் நோக்கம், பற்சிப்பி அளவு மீறிக் கரைந்து போகாமல் தடுப்பது. நூற்றுக்கு 1.23 பங்கு புளோரைடு கொண்ட இக்களிம்பு இன்றும் பல் மருத்துவர்களால் ஆண்டுக்கு ஓரிரு முறை பூசப்படுகிறது. இது மருத்துவர் கையாளும் பொருள். வீட்டில் துலக்கும் பசையன்று. அவ்வளவு செறிவுள்ளதைக் குழந்தை விழுங்கினால் உடனே தீங்கு நேரும்.

வீட்டுப் பசைகளிலும் புளிப்புள்ளவை தோன்றின. 1955இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த வெள்ளீயப் புளோரைடுப் பசை அவற்றுள் ஒன்று. வெள்ளீய உப்பு நடுநிலை நீரில் நில்லாது சிதைந்து படிந்துவிடும். அமிலத்தில்தான் கரைந்து நிற்கும். எனவே அங்கே புளிப்பு விரும்பி ஏற்றதன்று, தேவையால் வந்தது. சுவிட்சர்லாந்தில் 1950களில் உருவாகிய அமீன் புளோரைடுப் பசைகளும் சிறிது அமிலத் தன்மையுடையவையே.

அமிலத்தின் இன்னொரு பயனைக் கணக்காகவே காட்டலாம். புளோரைடு அயனி ஹைட்ரஜனுடன் சேர்ந்தால் மின்னேற்றமற்ற ஹைட்ரஜன் புளோரைடு ஆகிறது. இது நுண்துளைகளிலும் கிருமிகளின் உடற்சவ்விலும் எளிதில் ஊடுருவும். நடுநிலையில் புளோரைடின் ஆறாயிரத்தில் ஒரு பங்கே இவ்வடிவில் உள்ளது. பி.எச். 5.5இல் அது இருநூற்றில் ஒரு பங்கு, 4.5இல் இருபதில் ஒரு பங்கு. ஆகவே சிறிதளவு புளோரைடையே அமிலம் கூடுதலாக வேலை வாங்கும் எனலாம்.

இந்தக் கணக்கின் முக்கியத்துவத்தைப் பிரேசில் நாட்டு ஆய்வாளர் நன்கு உணர்ந்தனர். சிறு குழந்தைகள் பசையைத் துப்பத் தெரியாமல் விழுங்குகின்றனர். நிரந்தரப் பற்கள் தாடைக்குள் உருவாகும் அவ்வயதில் புளோரைடு மிகுந்தால் பற்சிப்பி துளையுள்ளதாகி வெண்கோடுகளும் பழுப்புக் கறையும் ஏற்படும். எப்பசையாலும் அதனை மாற்ற இயலாது. பசையில் புளோரைடைப் பாதியாகக் குறைத்தால் கறையின் அச்சம் குறையும். ஆனால் சொத்தைக் காப்பும் குறையுமே! குறைந்ததை அமிலத்தால் ஈடு செய்யலாமா என்று சாவோ பாவ்லோ மாநிலத்துப் பௌரு நகரிலும் பிற இடங்களிலும் சோதித்தனர். மாட்டுப் பல்லின் எனாமலைக் கொண்டு செய்த சோதனைகளில், பத்து லட்சத்துக்கு 550 பங்கு புளோரைடு கொண்டு பி.எச். 4.5 ஆக்கப்பட்ட பசை, 1,100 பங்கு கொண்ட நடுநிலைப் பசைக்கு ஏறக்குறைய நிகராயிற்று. பின்னர்க் குழந்தைகளிடமும் இதனைச் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டனர். நீரில் ஏற்கெனவே புளோரைடு சேர்க்கப்பட்ட ஊரில் நடந்த சோதனை அது என்பதை மறவாதிருத்தல் நலம்.

நெல்லூர், சித்தூர், தருமபுரி போன்ற இடங்களுக்கு இத்தகைய பசை வரமாகுமே என்று தோன்றலாம். சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். பட்டாணியளவு பசை கால் கிராம். பத்து லட்சத்துக்கு 1,000 பங்கு எனில் அதில் 0.25 மில்லிகிராம் புளோரைடு உண்டு. குழந்தை அத்தனையையும் விழுங்கிவிட்டாலும், புளோரைடைப் பாதியாக்கிய பசையால் மிச்சமாவது ஒரு வேளைக்கு எட்டில் ஒரு மில்லிகிராம். லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள கிணற்று நீரை அதே குழந்தை ஒரு லிட்டர் குடித்தால் உடலிற் சேர்வது 3 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணயம் குடிநீருக்கு ஏற்கத்தக்கதாகக் கொண்ட அளவு 1 மில்லிகிராம். வேறு நீர் கிடையாத இடத்து உச்ச வரம்பு 1.5. ஆக, அத்தகைய ஊர்களில் முதலில் மாற்ற வேண்டியது நீரே. பசையைப் பற்றிய விவாதம் அதற்குப் பின்னர் வருவது. நீர் நல்லதாகிய ஊர்களிலோ நிலைமை தலைகீழ்: அங்கே விழுங்கும் பசையே குழந்தைக்குச் சேரும் புளோரைடில் பெரும்பங்காகலாம். மூன்று வயதுக்குட்பட்டோருக்கு அரிசி மணியளவும், மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணியளவுமே போதும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதன் காரணம் இது.

நம் கடைகளில் விற்கும் பசைகளின் தன்மை யாது? இந்தியாவில் மலிவாகக் கிடைப்பவற்றுட் பல சுண்ணாம்புத் தூளை, அதாவது கால்சியம் கார்பனேட்டைத் தேய்பொருளாகக் கொண்டவை. அவை காரத்தன்மை உடையன, பி.எச். பெரும்பாலும் 8க்கும் 10க்கும் இடையே நிற்கும். இவற்றில் சாதாரணச் சோடியம் புளோரைடைச் சேர்த்தால் சுண்ணாம்பிலுள்ள கால்சியம் அதனைப் பிடித்துக் கரையாத பொருளாக்கிப் பயனற்றதாகச் செய்துவிடும். ஆதலால் புளோரைடைப் பாஸ்பேட்டுடன் பிணைத்த சோடியம் மோனோ புளோரோ பாஸ்பேட்டைச் சேர்க்கின்றனர். வாயிலுள்ள நொதிகள் அப்பிணைப்பைப் பிரித்துப் புளோரைடை விடுவிக்கும். குழாய்க்குள்ளேயே, சிறப்பாக வெப்பமான அறையில் நெடுநாள் கிடந்தால், இப்பிணைப்புச் சிறிது சிறிதாக அவிழ்ந்து சுண்ணாம்பிடம் சிக்கிக்கொள்வதும் உண்டு. எனவேதான் புளோரைடுப் பசையில் அதன் அளவையும் காலாவதி நாளையும் அச்சிட வேண்டும் என்று நம் நாட்டு விதிகள் கூறுகின்றன. புளோரைடு பத்து லட்சத்துக்கு 1,000 பங்குக்கு மேற்படலாகாது என்பதும் விதி. இந்தியத் தரநிலையின்படி பசையின் பி.எச். 5.5க்கும் 10.5க்கும் இடையே இருத்தல் வேண்டும். பிரேசிலில் சோதித்த 4.5 இவ்வெல்லைக்கு வெளியே நிற்பது கவனிக்கத்தக்கது.

காரப் பசை தாழ்ந்தது என்று இதனாற் கொள்ளலாகாது. அது படலத்திலுள்ள அமிலத்தை உடனே தணிக்கிறது. சுண்ணாம்பு சிறிது கால்சியத்தையும் அளிக்கிறது. பசை வாயில் இருப்பது இரண்டு நிமிடம். அதன் பின் உமிழ்நீர் அதன் புளிப்பையோ காரத்தையோ விரைவில் நடுநிலைக்குக் கொணர்ந்துவிடும். எஞ்சி நிற்பது பல்லிடுக்கிலும் படலத்திலும் தங்கிய புளோரைடே. துலக்கியபின் குவளை குவளையாக நீர் விட்டுக் கொப்பளிப்பவர் அதனையும் கழுவி விடுகிறார். துப்பிவிட்டு அதிகம் கொப்பளியாதிருப்பது, பசையின் பி.எச். எண்ணைத் தேடி அலைவதினும் மிகுந்த பயன் தரும் என்பதே நமது கருத்து.

பசையின் புளிப்புக்கும் எலுமிச்சையின் புளிப்புக்கும் உள்ள வேறுபாட்டை மறந்து, எலுமிச்சைச் சாற்றில் உப்பைக் கலந்து பல் வெளுக்கத் தேய்ப்போர் உண்டு. அதில் புளோரைடும் இல்லை, பாஸ்பேட்டும் இல்லை. அமிலமோ நூறு மடங்குக்கும் மேல் வலியது. முதல் நாள் பல் பளிச்சென்று தோன்றுவது மேற்படலம் கரைந்ததனாலேயே. அமிலத்தால் மென்மையுற்ற பற்சிப்பியை உடனே உமிக்கரியாலோ செங்கற்பொடியாலோ தேய்த்தால் தேய்வு பின்னும் விரைவாகும். புளிப்பு மிக்கதை உண்டபின் உடனே துலக்காமல் நீரால் வாயைக் கழுவிச் சற்றே பொறுத்திருப்பது நல்லது. ஆலங்குச்சி, வேலங்குச்சி பற்றிய பழமொழி நாம் அறிந்ததே. குச்சி படலத்தைத் துடைப்பதில் தேர்ந்தது. ஆயினும் இழந்த கனிப்பொருளைத் திருப்பித் தரும் புளோரைடைப் பசையளவுக்கு அதனிடம் எதிர்பார்த்தலாகாது.

பள்ளி மாணவர் ஒரு சிறு சோதனையால் இவற்றுட் சிலவற்றை நேரிற் காணலாம். உதிர்ந்த பால்பற்கள் மூன்றைச் சேகரித்து நன்கு கழுவி உலர்த்துக. மூன்று கண்ணாடிக் குவளைகளில் முறையே தண்ணீர், கெட்டியாகக் கரைத்த புளித்தண்ணீர், நீராகக் கடைந்த தயிர் ஆகியவற்றை ஊற்றிப் பி.எச். தாளால் ஒவ்வொன்றையும் சோதித்து எண்ணைக் குறித்துக்கொள்க. ஒவ்வொரு குவளையிலும் ஒரு பல்லை இட்டு மூடி வைக்க. தயிர் கெடாதிருக்க நாள்தோறும் புதிதாக மாற்ற வேண்டும், புளித்தண்ணீரையும் அவ்வாறே. மூன்றாம் நாள் பற்களை எடுத்து உலர்த்தி, உருப்பெருக்கியால் மேற்பரப்பின் ஒளியை ஒப்பு நோக்குக. ஊசி முனையால் மெல்லக் கீறியும் பார்க்கலாம். புளியில் கிடந்த பல் மங்கிச் சுண்ணாம்பு போலாகியிருக்கும். தயிரின் பி.எச். தண்ணீரினின்று வெகுவாகக் குறைந்திருந்தும் அதிற் கிடந்த பல்லில் அத்தகைய மாறுதல் காணப்படாது. பின்னர் வீட்டிலுள்ள பற்பசை ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர் சேர்த்துக் கலக்கி, அதன் பி.எச். எண்ணையும் தாளால் அளந்து, குழாயில் அச்சிட்டுள்ள பொருள்களின் பெயர்களோடு சேர்த்து ஒரு பட்டியலில் எழுதுக. வகுப்பிலுள்ள எல்லோரும் வெவ்வேறு பசைகளை அளந்து வந்தால், சுண்ணாம்பு சேர்ந்தவையும் சேராதவையும் எந்த எண்களின் அருகே கூடுகின்றன என்பது பட்டியலிலேயே தெரியும்.